தலைமுறைக் கப்பல் எழுதும் தம்பி தங்கைகளுக்கு



தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நம் குமரி மாவட்டத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நீங்கள் எழுதும் அறிவியல் புனைகதைகளைச் சில காலமாக வாசித்து வருகிறேன். கல்லூரி மலர்களில் வந்தவை சில, கையெழுத்துப் பிரதியாகவே என்னிடம் வந்தவை சில. அவற்றில் ஒரு கற்பனை திரும்பத் திரும்ப வருகிறது. பூமியை விட்டுக் கிளம்பும் பெருங்கப்பல் பல நூறு ஆண்டு பறந்து இன்னொரு சூரியனைச் சென்று சேர்கிறது. ஏறியவர்கள் யாரும் அங்கே இறங்கப்போவதில்லை. அவர்களுடைய பேரனுக்குப் பேரன், அவனுக்கும் பேரன் இறங்குவான். அந்தத் தலைமுறைக் கப்பலுக்குள் மனிதர்கள் எந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டு வாழ்வார்கள், அந்த விதிகளை வாசகர் எப்போது நம்புவார் என்பதைப் பற்றியே இந்த மடல்.

உங்கள் கதைகளில் எஞ்சின் பிசகுவதே இல்லை. அதில் வியப்பும் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் மகேந்திரகிரி. இஸ்ரோ தன் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கும் இடம். இஸ்ரோவின் தலைவராக இருந்த மாதவன் நாயர் குலசேகரத்தில் பிறந்தவர். அதே நாற்காலியில் பின்னர் அமர்ந்த சிவன் சரக்கல்விளைக்காரர். 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். இப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எரிபொருள் கணக்கு தப்பாது.

தப்புவது மனிதக் கணக்கு. உங்கள் கப்பல்களில் மூன்று வகை ஆட்சியைத்தான் பார்க்கிறேன். ஒன்றில், அறிவாளிகள் குழு ஒன்று முடிவெடுக்கிறது, எல்லோரும் கேட்டு நடக்கிறார்கள். இன்னொன்றில், கொடுங்கோல் கேப்டன் ஒருவன் இருக்கிறான், கடைசி அத்தியாயத்தில் கதாநாயகன் ஒரு பேச்சுப் பேசியதும் விழுந்துவிடுகிறான். மூன்றாவதில், “சாதி மதமெல்லாம் பூமியோடு போயிற்று” என்று ஒற்றை வரி எழுதிவிட்டு நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குள் போய்விடுகிறீர்கள். மூன்றையும் என்னால் நம்ப முடியவில்லை. ஏன் என்று விளக்க வேறு எங்கும் போக வேண்டியதில்லை. நம் ஊரே போதும்.

முதலில் காலத்தைக் கணக்குப் பாருங்கள். நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டுத் தொலைவு. நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் வாயேஜர் 1 அவ்வளவு தொலைவைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டு ஆகும். உங்கள் கப்பலுக்குத் தாராளமாக ஒளி வேகத்தில் நூறில் ஒரு பங்கைக் கொடுத்தாலும் பயணம் 424 ஆண்டு. தலைமுறைக்கு 25 ஆண்டு வைத்தால் பதினேழு தலைமுறை.

அந்த 424 ஆண்டை அப்படியே நம் பகுதியான நாஞ்சில் நாட்டில் பின்னோக்கி வையுங்கள். 1600-ஐ ஒட்டி வந்து நிற்பீர்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் பழைய பகுதி 1601 வாக்கில் எழுந்தது என்பார்கள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா பிறக்க இன்னும் நூறு ஆண்டு இருக்கிறது. குளச்சல் போர் 1741-இல். பேச்சிப்பாறை அணை 1906-இல். இந்த மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது 1956-இல். எல்லாமே ஒரு பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இந்தக் காலத்துக்குள் இங்கே யார் எதை உடுத்தலாம், யாருடைய சொத்து யாருக்குப் போகும், எந்தத் தெருவில் யார் நடக்கலாம், வரியை யாரிடம் கட்ட வேண்டும் என்பவற்றில் மாறாமல் நின்ற விதி ஒன்றாவது உண்டா? உங்கள் கப்பலில் மட்டும் முதல் நாள் எழுதிய சாசனம் பதினேழு தலைமுறைக்கு ஒரு எழுத்தும் மாறாமல் நிற்கிறது.

இன்னொன்று. விதி நியாயமாக இருந்தால்தான் வாசகர் நம்புவார் என்று நினைக்கிறீர்கள். அதனால் உங்கள் கப்பலின் சட்டங்கள் எல்லாம் பொறியியல் காரணத்தோடு வருகின்றன. நம் மாவட்டத்தில் இருந்த விதிகளை எண்ணிப் பாருங்கள். ஆண்டின் குறிப்பிட்ட காலத்தில், இரவில் துணையில்லாமல் வெளியே வந்த மேல்சாதிப் பெண்ணைத் தாழ்த்தப்பட்ட சாதி ஆண் ஒருவன் தொட்டுவிட்டாலோ, அவன் எறிந்த கல் பட்டுவிட்டாலோ, அவள் சாதியை இழந்து அவனோடு போய்விட வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. புலைப்பேடி, மண்ணாப்பேடி என்று அதற்குப் பெயர். 1696-இல் அதைத் தடைசெய்த அரச ஆணை திருவிதாங்கோட்டில் கல்லில் வெட்டப்பட்டது. மீறினால் கொடுந்தண்டனை என்று அந்த ஆணையும் தாழ்த்தப்பட்டவர்களைத்தான் மிரட்டியது. சுசீந்திரம் கோயிலில், குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்க்குள் கையை விட்டுத் தன் தூய்மையை நிரூபிக்க வேண்டியிருந்தது. கைமுக்கு என்ற அந்தச் சடங்கு மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில்தான் நின்றது. இவற்றை நீங்கள் ஒரு கப்பல் கதையில் எழுதியிருந்தால், ‘இப்படியெல்லாம் நடக்குமா’ என்று நானே சிவப்பு மையால் அடித்திருப்பேன். ஆனால் நடந்தன. தலைமுறை தலைமுறையாக மக்கள் அவற்றுக்குள் பிறந்து, வளர்ந்து, அதுதான் உலக வழக்கம் என்று இருந்தார்கள்.

ஒரு விதி எவ்வளவு விசித்திரமாகவும் இருக்கலாம். அதனால் யாருக்கு ஆதாயம், அதை யார் காவல் காக்கிறார்கள், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற மூன்றும் கதைக்குள் தெரிந்துவிட்டால் வாசகர் நம்பிவிடுவார். மூன்றும் தெரியாவிட்டால் எவ்வளவு நியாயமான சட்டமும் காகிதமாகவே கிடக்கும்.

தோள்சீலைப் போராட்டத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். நாடார் முதலிய பல சாதிப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியக் கூடாது என்பது விதி. காவல் காக்க அரண்மனையிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. சந்தையிலும் வழியிலும் நின்ற மேல்சாதி ஆட்களே போதும். ரவிக்கையைக் கிழித்தார்கள், அடித்தார்கள், பிரார்த்தனைக் கூடங்களையும் பள்ளிகளையும் கொளுத்தினார்கள். 1813-இல் திருவிதாங்கூர் திவானாக இருந்த கர்னல் மன்றோ கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் என்ற மேற்சட்டை அணிய அனுமதி தந்தார். 1822-இல் கல்குளம் பக்கம் கலகம் மூண்டது. 1829-இல் வந்த அரச அறிக்கை தோள்சீலையை மறுபடி தடுத்தது. 1858-இல் மீண்டும் தீ. சென்னை ஆளுநர் ட்ரெவெல்யன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-இல் வந்தது மன்னர் உத்தரம் திருநாளின் பிரகடனம். அதிலும் ஒரு கொக்கி: மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக் கூடாது.

ஒரு துண்டுத் துணிக்கு நாற்பத்தாறு ஆண்டு. ஒரு அடி முன்னால், இரண்டு அடி பின்னால், பிறகு பாதி அனுமதி. விதிகள் உடைவது இப்படித்தான். உங்கள் கதாநாயகன் ஒரே பேச்சில் கொடுங்கோலனை வீழ்த்தும்போது எனக்கு இந்த நாற்பத்தாறு ஆண்டு நினைவுக்கு வருகிறது. அடி வாங்கிய பெண்களின் பேத்திகள்தான் முழு உடையோடு நடந்தார்கள். அந்தப் பொறுமையும் கோபமும் உங்கள் கதையில் வர வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் எழும். அதை நீங்கள் நேராகச் சந்திக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தோள்சீலை விஷயத்தில் வெளியே ஒரு கை இருந்தது. மிஷனரிகள் இருந்தார்கள், சென்னையில் ஆளுநர் இருந்தார், லண்டன் வரை கடிதம் போனது. நட்சத்திரங்களுக்கு நடுவே போகும் கப்பலுக்குச் சென்னை கிடையாது. முறையிட மேலிடம் இல்லாத இடத்தில், கீழே இருப்பவர் என்ன செய்வார்?

அதற்கும் நம் மண்ணில் விடை உண்டு. சாமித்தோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டர் எந்த ஆளுநருக்கும் மனுப் போடவில்லை. இருக்கிற விதிகளுக்கு நடுவிலேயே வேறு விதிகளால் இன்னொரு வாழ்க்கையைத் தொடங்கினார். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு பதி என்ற வழிபாட்டிடத்துக்குள் வரச் சொன்னார். தனித்தனிக் கிணறாக இருந்த காலத்தில் முத்திரிக் கிணற்றில் எல்லோரும் ஒன்றாக நீர் இறைத்தார்கள், ஒன்றாக உண்டார்கள். நிழல்தாங்கல் என்ற சிறு வழிபாட்டிடங்களில் வழிபடுபவர் எதிரே கண்ணாடி. அவர் காண்பது தன் உருவத்தை. துவையல் தவசு என்ற நோன்பில் எழுநூறு குடும்பங்கள் ஊரை விட்டுக் கடலோரம் போய், குளிப்பு, துவைப்பு, உணவு எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு வைத்துக் கூட்டாக வாழ்ந்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. அரசு அவரைச் சிறையில் வைத்தும் பார்த்தது. 1851-இல் அவர் மறைந்த பிறகும் அந்த விதிகள் நிற்கின்றன. மூடிய உலகத்துக்குள் மாற்றம் எப்படி வரும் என்று காட்ட இதைவிட நம்பத்தகுந்த வழி எனக்குத் தெரியவில்லை. கப்பலின் கீழ்த்தளத்தில் ஒரு கூட்டம் தனக்கென்று ஒரு ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்கிறது. மேல்தளம் முதலில் இகழ்கிறது, பிறகு அஞ்சுகிறது, பிறகு சிறை வைக்கிறது, கடைசியில் பழகிக்கொள்கிறது. ஒரு நாவலுக்கு இது போதும்.

அடுத்தது நீர். உங்கள் கப்பலில் தண்ணீரும் காற்றும் குழாயில் வந்துகொண்டே இருக்கின்றன. யாருக்கும் சண்டை இல்லை. நாஞ்சில் நாட்டில் வயல் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை இதை எழுதலாமா? பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்று நாளிதழில் தினமும் நீர்மட்டம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கன்னிப்பூ சாகுபடிக்கு அணை திறந்தால், மேல்மடைக்கு முதலில் வரும்; கடைமடைக்கு வருமா என்பது ஒவ்வொரு ஆண்டும் கேள்விதான்.

தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சும் இரவு ஒன்றை எண்ணிப் பாருங்கள். கையில் மம்பட்டி, வரப்பில் டார்ச் வெளிச்சம். கடைமடைக்காரர் வந்து நிற்கிறார். “எங்க வயலு இன்னும் நனையல்லே அண்ணாச்சி. மடையக் கொஞ்சம் அடைச்சுத் தாங்க.” மேல்மடைக்காரர் எழுந்திருக்கவில்லை. “விடியது வரைக்கும் என் முறைதானே. நாளைக்குப் பாப்போம்.” சட்டப்படி மேல்மடைக்காரர் பேச்சில் தப்பு இல்லை. நாளைக்குள் பயிர் கருகிவிடும் என்பது இருவருக்கும் தெரியும். கடைமடைக்காரர் வீட்டுக்குப் போவதில்லை. கொஞ்ச தூரம் தள்ளி வரப்பிலேயே உட்கார்ந்துகொள்கிறார். எதிரே இருப்பவர் கண்ணயர்வாரா என்று பார்த்திருப்பார். முறை என்பது நிறைய நீர் இருக்கும் ஆண்டில் எழுதப்படுவது. அதன் பலம் என்ன என்பது குறைந்த நீர் இருக்கும் ஆண்டில் அந்த இருவர் நடுவே தெரிந்துவிடும்.

கப்பலில் யார் மேல்மடை, யார் கடைமடை? காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் யார் வீடு? குழாயின் கடைசியில் யார் வசிக்கிறார்கள்? இதை வரைந்துகொள்ளாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். கப்பலின் வரைபடம்தான் அதன் சாதி வரிசையாக மாறும். மூன்றாம் தலைமுறையில் கடைசித் தளத்துக்காரன் பிறவியிலேயே அப்படி என்று பேசத் தொடங்குவார்கள். அமெரிக்க எழுத்தாளர் ரிவர்ஸ் சாலமன் 2017-இல் எழுதிய நாவலில், கப்பலின் அடித்தளங்களில் தோட்ட அடிமை முறை அப்படியே திரும்பி வந்து நிற்கிறது. அவர் தன் முன்னோர் பட்டதை எடுத்துக் கப்பலில் வைத்தார். நம் முன்னோர் பட்டதும், நம் முன்னோர் பிறரைப் படுத்தியதும் நம்மிடமும் இருக்கின்றன.

காற்று விஷயத்தில் ஒரு பாடம் அரிசோனாவில் கிடைத்தது. பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடிக் கூடத்தில் 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் புகுந்து இரண்டு ஆண்டு வாழ்ந்தார்கள். 20.9 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் 14.5 வரை இறங்கியது. மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவாக வெளியிட்டன. அந்த வாயுவைச் சுவரின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்ற வேண்டியதாயிற்று. இதோடு அந்த எட்டுப் பேர் நால்வர் நால்வராகப் பிரிந்து, முகம் கொடுத்துப் பேசாத அளவுக்குப் போனார்கள். ஆனாலும் தோட்ட வேலையை யாரும் நிறுத்தவில்லை. வெறுத்துக்கொண்டே கூடி உழைக்க முடியும் என்பதை அவர்கள் காட்டினார்கள். உங்கள் கதைகளில் மனிதர்கள் ஒன்று அன்பாக இருக்கிறார்கள், இல்லையென்றால் கொலை செய்கிறார்கள். நடுவில் இருக்கும் இந்தப் பெரிய நிலத்தில் யாரும் கால் வைப்பதில்லை.

பிறப்பும் கல்யாணமும் இன்னும் கடினமான இடம். ஒரு கப்பலில் எத்தனை பேர் ஏறினால் சந்ததி நோயில்லாமல் தொடரும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 98 பேர் போதும் என்றது 2018-இல் வந்த ஒரு கணிப்பு. 14,000 முதல் 44,000 வரை வேண்டும் என்றது 2014-இல் வந்த இன்னொன்று. உங்களில் பலர் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்கிறீர்கள், கதாபாத்திரங்களைக் கையாள எளிது என்று. 98 பேர் என்றால் யாருக்கு யார் பிள்ளை பெறலாம் என்பதைக் கணினிதான் சொல்ல வேண்டும். ஒரு காதல் ஒரு சட்ட மீறலாகிவிடும். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் குழந்தை பெறுவதற்கே அரசின் அனுமதி வேண்டும் என்று படித்தபோது நம்மில் எத்தனை பேர் திடுக்கிட்டோம். உங்கள் கப்பலில் அதே அனுமதி ஒரு வரியில் கடந்துபோகிறது, எந்தப் பெண்ணும் அழாமல், எந்தத் தாயும் எதிர்க்காமல்.

குடும்ப விதி எப்படி வாழ்ந்து எப்படிச் சாகும் என்பதற்கு நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழியைப் படியுங்கள். இங்குள்ள வெள்ளாளர் குடும்பங்களில் முன்பு சொத்து தந்தையிடமிருந்து மகனுக்கு வராது. மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். குடும்பத்தை ஆள்பவர் காரணவர். ஏன் இந்த முறை வந்தது என்று கேட்டால் ஒருவர் அரசன் கட்டளை என்பார், இன்னொருவர் வேறொரு கதை சொல்வார். உங்கள் கப்பலிலும் ஐந்தாம் தலைமுறைக்குப் பிறகு எந்த விதிக்கும் ஒரே ஒரு காரணம் இருக்காது. தளத்துக்கு ஒரு கதை இருக்கும். மருமக்கள்வழி தனக்குத்தானே விலக்கும் உண்டாக்கிக்கொண்டது: சொந்தப் பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு. கணவன் இறந்ததும் மனைவியும் பிள்ளைகளும் வீட்டை விட்டு இறங்க, வழக்குகள் நீதிமன்றங்களில் குவிய, சொத்து வக்கீல் செலவில் கரைந்தது.

அந்த முறையை அசைத்தவர்களில் ஒருவர் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதினார். அதில் அவர் எந்தக் காரணவரையும் பேசவிடவில்லை, சீர்திருத்தக்காரர் யாரையும் பேசவிடவில்லை. காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவியைப் பேசவிட்டார். விதி எங்கே அதிகம் வலிக்கிறதோ அங்கே கதை சொல்லியை நிறுத்தினார். 1926-இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்து சொத்தைப் பிள்ளைகளின் பக்கம் திருப்பியது. இந்த மாற்றம் பெரும்பாலும் உள்ளிருந்தே வந்தது: அதே குடும்பங்களில் பிறந்து படித்த மகன்கள், நீதிமன்றப் படியேறிச் சலித்தவர்கள், எழுதியவர்கள். கப்பலுக்குள் புரட்சி எழுதுவதற்கு முன்னால் அந்த ஐந்தாம் மனைவியை யார் என்று தேடுங்கள்.

இனி கேப்டனைப் பற்றி. உங்கள் கேப்டன்கள் எல்லாம் ஆங்கிலப் படத்துக் கடற்படை அதிகாரிகளைப் போல இருக்கிறார்கள். நம்மிடம் உயிருள்ள கடல் சமூகம் இருக்கிறது. இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்ற எட்டு ஊர்க்காரர்கள் சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கிறவர்கள். கொச்சியிலும் குஜராத்திலும் அவர்கள் படகுகளைப் பார்க்கலாம். படகில் நல்ல தண்ணீர் குடிக்கவும் கஞ்சி வைக்கவும்தான். குளிப்பு கடல் நீரில். படுக்கும் இடம் முதல் எல்லாவற்றுக்கும் எழுதாத ஒழுங்கு உண்டு. கரைக்கு வந்ததும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மீதி படகுக்கும் ஆட்களுக்கும் பங்காகப் பிரியும்.

கடலில், படகை நடத்தும் ஸ்ராங்கு சொன்னால் சொன்னதுதான். அவ்வளவு அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுக்க அவர்களால் முடிவதற்குக் காரணம், பயணம் முடியும் என்பது. பிடிக்காதவர் அடுத்த முறை வேறு படகில் ஏறிக்கொள்ளலாம். கடலில் விழுங்கிய கோபத்தைக் கரையில் ஊர்க் கமிட்டி முன்னால் கொட்டலாம். கரை இருப்பதால் கடலில் பொறுத்துக்கொள்ள முடிகிறது. உங்கள் கப்பலுக்குக் கரை கிடையாது. ஆகவே அங்கே ஒரு கேப்டனுக்கு அதே அதிகாரத்தைக் கொடுத்தால், பத்தாண்டுக்குள் அது வேறொன்றாக மாறிவிடும். கரை செய்யும் வேலையைக் கப்பலுக்குள் எது செய்யும்? கணக்கைப் பிரித்துப் பார்க்கும் இடம் எது? கோபத்தைக் கொட்டும் சபை எது? ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குக் குடிபோக ஒருவருக்கு உரிமை உண்டா? இந்த விடைகள்தான் உங்கள் கப்பலின் அரசியல்.

ஒக்கிப் புயலை மறக்க வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று புயல் குமரிக்குத் தெற்கே கடந்தபோது, முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையில் இருந்தவர்களுக்குச் செய்தி தெரியும். கடலில் இருந்தவர்களுக்கு உயிர் போயிற்று. யாரிடம் செய்தி இருக்கிறது, யாரிடம் இல்லை என்பது எந்தக் கப்பலிலும் முதல் பெரிய ஏற்றத்தாழ்வாக இருக்கும். எஞ்சினில் கோளாறு என்று மேல்தளத்துக்குத் தெரிந்து, கீழ்த்தளத்துக்கு எத்தனை நாள் கழித்துச் சொல்கிறார்கள் என்று யோசியுங்கள்.

கடைசியாக, பிறக்கப்போகிறவர்களைப் பற்றி. ராக்கெட் அறிவியலுக்கு வழிகாட்டிய ரஷ்யர் சியோல்கோவ்ஸ்கி 1928-இலேயே இப்படிப்பட்ட கப்பலை எண்ணிப் பார்த்தார். ஹைன்லைன் 1941-இல் எழுதிய கதையில், உள்ளே பிறந்தவர்களுக்குத் தாங்கள் கப்பலில் இருப்பதே மறந்துபோகிறது. ஏறியவர்கள் சம்மதித்து ஏறினார்கள். இரண்டாம் தலைமுறையிடம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் திரும்பிப் போவோம் என்றால்? இடையில் நிறுத்துவோம் என்றால்?

நம் மாவட்டத்து மக்கள் தங்களைக் கேட்காமல் வரையப்பட்ட எல்லையை ஏற்கவில்லை. திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த தமிழர்கள் நேசமணி தலைமையில் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. பிறந்தபோது விதித்த எல்லையைத் திரும்பக் கேள்வி கேட்கும் உரிமைக்கு நம் தாத்தாக்கள் அவ்வளவு விலை கொடுத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நீங்கள், கப்பலில் பிறப்பவருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கும் வாயைக் கொடுக்க வேண்டும். சாசனத்தைத் திருத்த அவர்களுக்கு வழி இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வழியை அவர்கள் எப்படி வெட்டிக்கொள்வார்கள்? பதினேழு தலைமுறையில் ஒரு தலைமுறையாவது இதைக் கேட்காமல் இருக்காது.

இவ்வளவையும் ஏன் இத்தனை அழுத்தமாகச் சொல்கிறேன்? எதிர்காலத்தைப் பற்றிய கதைகளில் நாம் எதைக் காணாமல் விடுகிறோமோ, அது எதிர்காலத்துக்கும் நம்மோடு வந்துவிடும் என்று நான் நம்புகிறேன். சாதி இல்லை என்று ஒரு வரி எழுதிய கப்பலில்தான் சாதி யார் கண்ணிலும் படாமல் ஏறும். அது ஏறும் வாசலைக் காட்டி எழுதுங்கள். அது உடையும் நாளையும், உடைய ஆகும் ஆண்டுகளையும் எழுதுங்கள்.

அடுத்த கதைக்கு உட்காரும்போது எஞ்சின் பக்கத்தைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். முதலில் கப்பலின் கடைமடையில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பெயர் வையுங்கள். அவளுக்கு என்னென்ன மறுக்கப்பட்டிருக்கிறது, யார் மறுத்தார்கள், அதனால் யாருக்கு என்ன மிச்சம் என்று எழுதுங்கள். அவளுக்குச் செய்தி எத்தனை நாள் கழித்து வருகிறது, அவள் யாரிடம் முறையிடலாம், முறையிட ஆளில்லாவிட்டால் என்ன செய்வாள் என்று எழுதுங்கள். அவளுடைய பேத்தி எந்த விதியை மாற்றுவாள் என்பது அதற்குப் பிறகு தானாகவே உங்களுக்குத் தெரியவரும். அந்தக் கதைகளை எனக்கு அனுப்புங்கள். ஒன்றையும் விடாமல் வாசித்துப் பதில் எழுதுவேன்.

மாறா அன்புடன்,
தோவாளைத் தாலுகாவிலிருந்து உங்கள் வாசகர்